மேடைக் காலில் கட்டிய மிதிவண்டி

கோயிலுக்கு எதற்குப் பூட்டு?

இந்த ஒரு கேள்வியை மூலதனமாக வைத்துத்தான் என் பொதுவாழ்வு நடந்து வருகிறது. பூவத்தில் கேட்டிருக்கிறேன், சுரக்குடியில் கேட்டிருக்கிறேன், திருநள்ளாற்றுக் கடைத்தெருவில், அதுவும் ஒரு சனிக்கிழமை மாலையில் கேட்டுவிட்டு, உடல்நலத்தோடு வீடு திரும்பியிருக்கிறேன். "எல்லாம் வல்லவன் உள்ளே இருக்க, இரும்புப் பூட்டு வெளியே தொங்குவானேன்?" என்று குரலை உயர்த்தி நிறுத்துவேன். தோளில் கிடக்கும் துண்டை மறுதோளுக்கு மாற்றுவேன். அந்த இடைவெளியில் கைதட்டல் எழும். எழாத ஊர்களில் எங்கள் தோழர்கள் முன்வரிசையிலிருந்து அதைத் தொடங்கி வைப்பார்கள். இந்தக் கேள்விதான் எனக்கு 'இடிமுரசு' என்னும் பட்டத்தை ஈட்டித் தந்தது. முத்தையன் என்று பெற்றோர் வைத்த பெயர், துண்டறிக்கையில் அந்தப் பட்டத்திற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒதுங்கிக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு பூட்டு வாங்கப் போனேன்.

காரணம் என் துணைவி எழில்மதி. காரைக்காலில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். எங்கள் விழிதியூரிலிருந்து முதல் பேருந்து புறப்படுவதற்குள் அவர்களில் பாதிப் பேர் பசியில் தேநீர் குடித்துவிட்டு, பரிசோதனையையும் பாழாக்கிவிடுவார்கள். அதனால் அவளை என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதாக நான் பொறுப்பேற்றிருந்தேன். ஆனால், இரவெல்லாம் சமுதாயத்தை எழுப்பிவிட்டு வருகிறவன் காலையில் எப்படி எழுவான்? பலநாள் அவள் தாமதமாகப் போனாள். இன்னும் ஒரு நாள் தாமதம் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். அன்று மாலையே அவள் தன் சம்பளத்தில் ஒரு மிதிவண்டி வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

அதைப் பார்த்து நான் பெண் விடுதலை பற்றி நான்கு வாக்கியங்கள் பேசினேன். "நல்லா இருக்கு. செத்த நவுருங்க, ஸ்டாண்டு போடணும்" என்றாள்.

அடுத்த வாரமே, அவளோடு வேலை செய்யும் அமீர் நிஷாவின் வண்டி அந்த நிலையத்தின் வாசலிலிருந்து களவு போயிற்று. பின்சக்கரத்தில் வண்டியோடு வரும் வளையப் பூட்டு போட்டிருந்தாராம். பூட்டினால் சக்கரம்தானே சுற்றாது? வண்டியையே தூக்கி மினி லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"வளையப் பூட்டெல்லாம் சும்மா பேருக்குத்தாங்க. எதாச்சும் அசையாத பொருளோட சேத்துக் கட்டுற மாதிரி பூட்டு வேணும். லேப் வாசல்ல கரண்டு மரம் இருக்கு. நானே போயி வாங்கிக்கிறேன்" என்றாள் எழில்மதி.

"நீ எதுக்கு அலையணும்? இதை நான் ஆராய்ஞ்சு வாங்கிட்டு வர்றேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

காரைக்கால் லெமேர் வீதியில் நூகுவின் இரும்புக் கடை. நூகு என் பள்ளித் தோழர். ஐந்து வேளையும் தொழுகிறவர். என் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வந்து, கடைசி வரிசையில் நின்று, சிரித்துவிட்டுப் போகிறவர்.

"வாங்க இடிமுரசு. நன்கொடையா? முன்னாடியே சொல்லிப்புடறேன், யாவாரம் படுத்துக் கெடக்கு."

"நன்கொடை இல்ல நூகு. சைக்கிளுக்கு ஒரு பூட்டு வேணும்."

நூகு கையிலிருந்த அளவு நாடாவைக் கீழே வைத்தார். "அல்லாவே! சாமிக்கே பூட்டு எதுக்குன்னு கேட்ட ஆளு, சைக்கிளுக்குப் பூட்டு கேக்குறீங்களே?"

"சைக்கிள் எல்லாம் வல்லதுன்னு நான் எந்த மேடையிலயும் சொன்னதில்ல."

"அது சரி. நாங்க கட்டிப் போட்டுட்டு, அதுக்கப்புறம் மேல உள்ளவன்ட்ட ஒப்படைச்சிருவோம். நீங்க கட்டிப் போட்டுட்டு யார்ட்ட ஒப்படைப்பீங்க?"

"பகுத்தறிவிடம்."

"அப்ப ரெண்டு பூட்டா வாங்கிக்கிங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எதிர்ப்பு இருக்கும் இடத்தில்தான் என் குரல் செழிக்கும். நூகு முதலில் சாவி போட்டுத் திறக்கும் சங்கிலிப் பூட்டு ஒன்றை எடுத்து வைத்தார். நான் அதைக் கையால் தொடவில்லை.

"சாவியா? பெண்ணின் இடுப்பிலே கொத்துச் சாவியைத் தொங்கவிட்டு, அவளை வீட்டுக்கு அரசி என்று பொய் சொல்லி, காவலாளியாக ஆக்கிய சமுதாயம் இது! அந்த விலங்கை என் கையாலேயே வாங்கி என் துணைவிக்கு நான் கொடுப்பேனா?"

ஆணி வாங்க வந்த ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டினார். ஆணியை மறந்து போய்விட்டார்.

"யாவாரத்தக் கெடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே நூகு, மெல்லிய கம்பிவடத்தில் ஒரு பூட்டைக் காட்டினார். கையடக்கமாக இருந்தது. வெட்டுக் குறடால் வடத்தின் நுனியைக் கடித்துக் காட்டினார், வெண்டைக்காய்போல் துண்டாயிற்று. "இது மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி. புயலுக்கு ஆவாது" என்றார். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, அவர் தங்கை மகன் ஃபயாஸ் துபாயிலிருந்து கொண்டுவந்ததாக ஓர் இரும்புப் பூட்டை எடுத்தார். லாடம்போல் வளைந்து, குறுக்கே ஒரு கட்டையோடு கனமாக இருந்தது. "இதை அறுக்கணும்னா மிசினு வேணும். சத்தம் கேட்டு ஊரு கூடிடும்."

எனக்கு அது மிகவும் பிடித்தது. வளைந்து கொடுக்காத கொள்கை எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஆனால் வளைந்து கொடுக்காத பூட்டு மின்கம்பத்தைச் சுற்றி வராது என்பதை நூகு தம் கடைத் தூணிலேயே வைத்துக் காட்டினார். கொள்கைக்கும் கம்பத்திற்கும் இடையில் அரைச்சாண் குறைந்தது.

கடைசியில் வந்தது எண் பூட்டு. உரமேற்றிய தடித்த சங்கிலி; வண்டியின் வண்ணத்தைச் சுரண்டாதபடி மேலே துணியுறை; முனையில் சுழலும் எண் வளையங்கள். சாவி கிடையாது. அறிவு மட்டுமே திறவுகோல்! எனக்காகவே வார்த்ததுபோல் இருந்தது. இருந்ததிலேயே நீளமானதைக் கேட்டேன்.

"உங்க பேச்சுக்கு ஏத்த நீளந்தான்" என்று எடுத்துத் தந்தார் நூகு. "ரெண்டு வீலையும் சேத்தே கட்டலாம். நம்பரை நீங்களே வச்சிக்கலாம். என்ட்டக் கூடச் சொல்ல வேணாம்." சொன்னவர், நாகரிகமாக முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். எந்த எண்ணை வைப்பது என்பதில் எனக்கு ஒரு நொடியும் ஐயமில்லை. எங்கள் தலைவர் பிறந்த ஆண்டு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வளையங்களைத் திருப்பினேன். ஒன்று, எட்டு, ஏழு, ஒன்பது.

"காதுல விழுந்துருச்சு" என்றார் நூகு, தெருவைப் பார்த்தபடியே.

வீட்டில் எழில்மதி சங்கிலியைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். கண்ணிகளை இழுத்துப் பார்த்தாள். "பூட்டு நல்லாத்தான் இருக்கு" என்று அவள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவள் பாராட்டுகள் மறக்கும் அளவுக்குப் பெருகியவை அல்ல.

"எண்ணு என்னா?"

சொன்னேன்.

"இது என் வண்டியோட எண்ணா, உங்க இயக்கத்தோட எண்ணா? உங்க செயலாளர் மாறன் போன்ல இந்த எண்ணு. அவரு ஏ.டி.எம். கார்டுல இந்த எண்ணு. படிப்பகத்துப் பீரோவுல இந்த எண்ணு. அப்ப யாரு வேணும்னாலும் என் வண்டியை எடுத்துட்டுப் போவலாம்."

"எங்க இயக்கத்துல திருடன் கிடையாது எழில்."

"ரகசியமும் கிடையாது."

இருந்தும் அவள் அந்தப் பூட்டோடுதான் வேலைக்குப் போய்வந்தாள். மின்கம்பத்தில் கட்டப்பட்ட வண்டி மாலையில் அப்படியே இருந்தது. ஒருநாளும் தாமதமில்லை. என் தேர்வுத் திறமையைப் பற்றி நானே அடிக்கடி பேச்சை எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சூழலில்தான் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கூட்டம் வந்தது. தலைப்பு: 'பெண்ணும் மிதிவண்டியும்'. சொந்த ஊரில் பேசுவது எளிதன்று. வெளியூரில் என் கேள்விகளைக் கேட்டு வியப்பார்கள். உள்ளூரில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே புதிதாக ஏதாவது வேண்டும் என்று, எழில்மதியின் வண்டியையே மேடைக்கு அருகில் நிறுத்தி, அதைக் காட்டிக்காட்டிப் பேசுவதாகத் திட்டமிட்டேன். முதல் நாள் கொல்லையில், முருங்கை மரத்தின் முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். என் ஒத்திகையை முருங்கை அசையாமல் கேட்கும். எழில்மதி துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கூட்டத்தன்று மாலை அவள் வேலை முடிந்து வந்து இறங்கியதும் வண்டியைக் கேட்டேன். கைப்பிடியை விடாமல் நின்றாள்.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கெல்லாம் வண்டி வாசல்ல நிக்கணும். மேனேஜரு சொன்னது ஞாவகம் இருக்குல்ல? ஒருநாள் போனாலும் வேலை போயிடும்."

"என் உயிர் இருக்கிறவரைக்கும் வண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

"உங்க உயிரை வச்சிக்கிட்டு நான் வேலைக்குப் போவ முடியாதுங்க. அசையாத பொருளோட கட்டி வைங்க."

"நீயும் கூட்டத்துக்கு வாயேன். உன்னைப் பத்தித்தான் பேசப் போறேன்."

"மாவாட்டணும்" என்று உள்ளே போய்விட்டாள். இருக்கைக்கு அடியில் திறந்தபடி சுற்றியிருந்த சங்கிலியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு, பெண்ணடிமைத்தனத்தை ஒழிக்கப் புறப்பட்டேன்.

மேடை போட்டது சுரக்குடி அஞ்சுகம். பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவர். காரைக்கால் வட்டாரத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கும் மாற்றுக் கட்சிகளுக்கும் ஒரே மாதிரி மேடை போடுகிறவர். சவுக்குக் கால்களை ஊன்றி, மேலே பலகை பரப்பி, மூங்கிலில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தார். அவற்றில் ஒன்று எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அசையாத பொருள் எது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். நான் ஏறி நிற்கப்போகும் மேடையைக் காட்டிலும் அசையாத பொருள் இந்த உலகில் உண்டா? மேடையின் முன்காலோடு சேர்த்து, முன்சக்கரம், நடுச்சட்டம், பின்சக்கரம் மூன்றிலும் சங்கிலியை நுழைத்து இழுத்தேன். விடுதலையின் சின்னமாக வந்த வண்டிக்கு அத்தனை விலங்கு! தோழர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணாடியைப் போடவில்லை. இடிமுரசுக்குக் கண்ணாடி பொருந்தாது. முனையைப் பூட்டுக்குள் அழுத்திவிட்டு, வளையங்களைச் சூதாட்டக்காரனைப்போல் ஒரு சுழற்று சுழற்றினேன். பிறகு மேடை ஏறினேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஆனால், 'கோயிலுக்கு எதற்குப் பூட்டு' என்ற இடத்திற்கு வந்து, குரலை உயர்த்தி, நிறுத்தி, துண்டை மாற்றியபோது கைதட்டல் எழவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "உண்டியலுக்குண்ணே!" என்று விடையைச் சொல்லிவிட்டார். சிரிப்பு அவருக்குப் போயிற்று. பேச்சாளனின் வாழ்வில் இதைவிடக் கொடிய நேரம் கிடையாது. கையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து வீசினால்தான் கூட்டம் திரும்பும்.

"அதோ பாருங்கள் தோழர்களே, என் துணைவியின் மிதிவண்டி! அதைக் காப்பது மந்திரமா? இல்லை! தாயத்தா? இல்லை! எலுமிச்சம்பழமா? இல்லை! அந்தப் பூட்டைத் திறப்பது அறிவு! ஆணுக்குப் பெண் அடிமை இல்லை என்று இந்த மண்ணுக்குச் சொன்ன நம் தலைவர் பிறந்த ஆண்டு! சொல்லுங்கள் தோழர்களே! ஒன்று! எட்டு!"

"ஏழு! ஒன்பது!" என்று கடைத்தெரு முழங்கியது.

அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. முன்வரிசையில் சிறுவர்களும், பேருந்துக்கு நின்றவர்களும், பாதுகாப்புக்கு வந்த சிவப்புத் தொப்பிக் காவலரும் கூடச் சேர்ந்து அந்த எண்ணைச் சொன்னார்கள். நான் பூரித்தேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்கள்.

பேச்சு முடிந்து இறங்கியதும் மாறன் என் காதருகே வந்தார். "அண்ணே, பேச்சு பிரமாதம். ஆனா நம்பரை ஊருக்கே சொல்லிட்டீங்களே?"

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். காலையில் அஞ்சரை மணிக்கு வெறும் வாசலில் எழில்மதி நிற்பதுபோல் ஒரு காட்சி கண்முன் வந்தது. வண்டி இருந்தது. கட்டியபடியே இருந்தது. எங்கள் ஊரின் நேர்மையைப் பாராட்டி உடனே இன்னொரு கூட்டம் போடலாம் என்று தோன்றியது.

குனிந்து எண்களை வைத்தேன். ஒன்று, எட்டு, ஏழு, ஒன்பது. இழுத்தேன். வரவில்லை.

"வெளிச்சம் பத்தலண்ணே" என்று ஒருவர் கைபேசி விளக்கைக் காட்டினார். வேறு வழியின்றிக் கண்ணாடியைப் போட்டேன். மீண்டும் வைத்தேன். வரவில்லை. மாறன் வைத்துப் பார்த்தார். காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தார். எண் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்ததால் ஒருவர் பின் ஒருவராக உதவிக்கு வந்தார்கள். அத்தனை பேர் முயன்றும் திருட முடியாத வண்டியை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

"நாட்டுக்கு விடுதலை வந்த வருசம் போட்டுப் பாருங்கண்ணே." பார்த்தோம்.

"நமக்குப் பிரெஞ்சுக்காரன்ட்டேர்ந்து வந்தது வேறயாச்சே, அதைப் போடுங்க." அதையும் போட்டோம்.

இரும்பறுக்கும் பிளேடு கொண்டுவந்து, துணியுறையை விலக்கி, ஒருவர் அறுத்துப் பார்த்தார். பிளேடு ஒடிந்தது. நான் தேர்ந்தெடுத்தது நல்ல பூட்டுதான் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

"இவ்வளவு ஏன்? அண்ணி பொறந்த வருசத்தைப் போடுங்கண்ணே. பொம்பளைங்க அதான் வைப்பாங்க" என்றார் டீக்கடைக்காரர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தலைவர்கள் பிறந்த ஆண்டு தெரியும். அவர்கள் சிறை சென்ற ஆண்டு தெரியும். எந்த மாநாடு எந்த ஊரில் எந்த ஆண்டு நடந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எழில்மதி பிறந்த ஆண்டு எனக்குத் தெரியவில்லை. அவள் பிறந்தநாளைக் கொண்டாடுவது மூடநம்பிக்கை என்று நான் திருமணத்தன்றே விளக்கியிருந்தேன். அந்த விளக்கத்தோடு ஆண்டும் போய்விட்டது. அரைமணி நேரம் பெண் விடுதலை பேசிய நான், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன்.

தெரியாததை மறைப்பதற்காகவே கைபேசியை எடுத்து அவளை அழைத்தேன். குழாய் ஒலிபெருக்கியோடு வாழ்ந்து என் காது மந்தமாகிவிட்டபடியால், கைபேசியைச் சத்தமாகவே வைத்துக் கேட்பது என் வழக்கம். மேடையின் ஓரத்தில், ஒலிவாங்கியின் காலடியிலேயே நான் நின்றேன் என்பதை யாரும் சொல்லவில்லை. அஞ்சுகம் இன்னும் அதை அணைக்கவில்லை என்பதையும்தான்.

"எழில், பூட்டுத் தொறக்க மாட்டேங்குது."

"தொறக்காது. எண்ணை மாத்திட்டேன்."

'மாத்திட்டேன்' என்று இரண்டு குழாய்களும் விழிதியூருக்கு அறிவித்தன. கடைத்தெரு முழுவதும் மேடைப் பக்கம் திரும்பிற்று.

"எப்ப?"

"நேத்துக் கொல்லையில முருங்க மரத்துட்ட நீங்க பேசிப் பாத்தீங்களே, அப்ப. இதை ஊருக்குச் சொல்லாம வர மாட்டீங்கன்னு தெரிஞ்சிபோச்சு."

"சரி, இப்ப என்ன எண்ணு?"

"தோழர்" என்றாள் எழில்மதி. எங்கள் திருமண மேடையில் ஒருவரையொருவர் அப்படி அழைப்பதென்று உறுதி எடுத்துக்கொண்டோம். சினம் வந்தால் மட்டும் அவள் அந்த உறுதியைக் காப்பாற்றுவாள். "தோழர், மைக்கு ஆன்ல இருக்கு. நான் பேசறது எனக்கே வாசல்ல கேக்குது. இதுல நான் எண்ணைச் சொல்லணுமா?"

"சொல்லுங்கண்ணி!" என்றது கூட்டம்.

"சொல்ல மாட்டேன். மைக்கை அணைச்சாலும் சொல்ல மாட்டேன். உங்கள்ட்டச் சொன்னா அடுத்த கூட்டத்துல வந்துடும். தூக்கிட்டு வாங்க. காலையில எனக்கு வண்டி வேணும்."

அழைப்பை அவள் துண்டித்துவிட்டாள். அன்று மாலையின் மிகப்பெரிய கைதட்டல் அப்போது எழுந்தது. அதைத் தோழர்கள் யாரும் தொடங்கி வைக்கவில்லை. நான் மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. கிரைண்டர் ஓடியிருக்கும்.

அஞ்சுகம் இடுப்பில் கைவைத்து வந்து நின்றார். "அண்ணே, இந்தச் சாமானெல்லாம் நான் கல்யாண வீட்டுக்கு ஏத்தணும். உங்க சைக்கிளு இங்கியே இருந்தா, பொண்ணு வீட்டுச் சீரோட சேந்து போயிடும். அப்பறம் என்னயச் சொல்லக்கூடாது."

"கட்டியிருக்கிறது உங்க மேடைக் கால்லயாச்சே. எப்படி எடுக்கிறது?"

"எப்படி எடுப்பாங்க? காலை எடுத்தா சங்கிலி வருது."

அவருடைய ஆட்கள் பலகைகளை உருவினார்கள். முன்காலை இருபுறமும் ஆட்டி, குழியிலிருந்து பிடுங்கினார்கள். நான் உலகிலேயே அசையாத பொருளாகக் கருதிய அந்தக் கால், நன்றாக வளர்ந்த முள்ளங்கியைப்போல் மேலே வந்தது. சங்கிலியின் வளையத்திலிருந்து அது நழுவி வெளியேறியதும் வண்டி என் காலடியில் சாய்ந்தது. இத்தனை நாள் நான் எதன்மேல் ஏறி நின்று இடி இடித்தேன் என்பதை நேரில் பார்த்தேன்.

சக்கரங்கள் இரண்டும் இன்னும் சட்டத்தோடு பிணைந்தே இருந்தன. உருட்ட வழியில்லை. தோழர்கள் தங்கள் வண்டியில் ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். கையால் தூக்கிக்கொண்டு வா என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை என்று நான் சொல்லிவிட்டேன். அது வீரம் அன்று. அவர்களோடு வீடுவரை பேசிக்கொண்டு போக வேண்டியிருக்குமே என்ற அச்சம். மேடையில் எனக்குப் போர்த்திய சரிகைத் துண்டு தோளில் நழுவிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வண்டியின் கைப்பிடியில் போட்டேன். பிறகு நடுச்சட்டத்துக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கினேன்.

வாய்க்கால் கரை வழியாகப் போனேன். மாரியம்மன் கோயில் வாசலில் காசியம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார். என் கூட்டங்களில் நான் அறியாமைக்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுவது அவரைத்தான். அது அவருக்கும் தெரியும். தோளில் வண்டியும், வண்டிக்குப் பட்டும், வியர்வையுமாக நான் வருவதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த நாரை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இது எந்தூரு உற்சவமுங்க? வாகனம் மட்டும் தோள்ல வருது, சாமி எங்க, பின்னாடி நடந்து வருதா?"

"சாமி வீட்டுல மாவாட்டுது" என்றேன்.

காசியம்மா சிரித்த சிரிப்பில் பூக்கூடை கவிழ்ந்தது. நானும் சிரித்துவிட்டேன். வண்டியை இறக்கினால் மறுபடி தூக்க முடியாது என்பதால் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

எழில்மதி வாசலில் நின்றாள். வண்டியை இறக்கி வைத்தேன். தோள்பட்டை எது, சட்டம் எது என்று தெரியாமல் வலித்தது. அவள் முதலில் வண்டியைத்தான் பார்த்தாள், சக்கரங்களைத் தடவினாள், கண்ணிகளில் பிளேடு பட்ட கீறலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"திரும்பி நில்லுங்க."

"நான் கண்ணாடி கூடப் போடல, எழில்."

"திரும்புங்கங்குறேன்."

திரும்பினேன். எதிரே எங்கள் வீட்டுச் சுவரில் அன்றைய கூட்டத்தின் சுவரொட்டி. விரலை உயர்த்தியபடி நான். 'இடிமுரசு முழங்குகிறார்' என்று எழுத்து. முதுகுக்குப் பின்னால் வளையங்கள் மெல்லச் சுழலும் ஓசை கேட்டது. பிறகு சங்கிலி தரையில் விழும் ஓசை.

"நீ பிறந்த ஆண்டா?" என்று சுவரொட்டியைப் பார்த்துக் கேட்டேன்.

சங்கிலியை அள்ளிச் சுற்றும் ஓசை கேட்டது.

"இருந்தா என்னா? உங்களுக்குத் தெரியாத எண்ணுதானே பத்திரம்."

சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது தோசையை வைத்துவிட்டு, தோளில் தேய்க்கத் தைலத்தையும் வைத்தாள். பீரோவில் அவளுடைய ஆதார் அட்டை இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், என்றாவது ஒருநாள் கைதட்டல் குறையும் ஊரில் அது என் வாயிலிருந்து வெளியேறும் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் வண்டிக்குப் பாதுகாப்பு. ஆனால், தெரியாமல் இருப்பவன் அடுத்த மேடையில் எந்த முகத்தோடு பெண்ணைப் பற்றிப் பேசுவது? கொள்கைச் சிக்கல்கள் பலவற்றை ஒரே கேள்வியால் அவிழ்த்தவன் நான். இதற்குக் கேள்வி கிடைக்கவில்லை.

மறுநாள் அதிசயமாக அவளுக்கு முன்பே எழுந்துவிட்டேன். தோள் தூங்கவிடவில்லை என்பதே உண்மை. அஞ்சரைக்கு வண்டி வாசலில் நின்றது. எழில்மதி பையை மாட்டிக்கொண்டு, சங்கிலியை இருக்கைக்கு அடியில் சுற்றிவிட்டு, ஒரு காலை மிதிகட்டையில் வைத்தாள்.

ஒலிவாங்கி இல்லை. கூட்டம் இல்லை. துண்டும் தோளில் இல்லை.

"எழில், நீ எந்த வருசம் பொறந்த?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளில் அவளைப் பற்றி, விடை தெரியாமல், நான் அவளிடமே கேட்ட கேள்வி அதுதான் முதல். அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து, நிற்காமல் போயிற்று.

"இப்ப சொல்ல முடியாது. நேரமாவுது. சாயங்காலம் வந்து எண்ணை வேற மாத்திட்டுச் சொல்றேன்" என்று மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.